செடி ஏறிய எறும்பு அடியாள்தான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தொலைக்காட்சித் தொடரைக்கூட விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'வீட்டுத் தோட்டத்தில் எறும்பை விரட்டுவதா, விட்டுவைப்பதா?' இதுதான் தலைப்பு. விரட்டத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். கைதட்டல் எதிரணிக்குத்தான் விழும் என்று தெரிந்தே வந்தேன். எனக்கு முன்னால் பேசிய தங்கை கோலமாவு, ஜீவகாருண்யம் என்று ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் தங்கச்சி, இன்றைக்கு எத்தனை வாசலில் அரிசிமாவுக் கோலம் இருக்கிறது? கடையில் கிலோக்கணக்கில் வாங்குகிறோமே, அது கல்மாவு. அதைத் தின்னப் போகிற எறும்புக்குப் பல்வலிதான் மிச்சம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எறும்பு மண்ணுக்குள் வளை தோண்டட்டும். செத்த பூச்சியை இழுத்துக்கொண்டு போகட்டும். யார் தடுத்தார்கள்? அது செடி மேல் ஏறுகிறதே, எங்கள் வழக்கு அங்கேதான்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டுச் செம்பருத்தியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மொட்டுக்குக் கீழே, இலைக்காம்பு இடுக்கில், பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாக இருக்கும். அது மாவுப்பூச்சி. பக்கத்திலேயே எறும்பு நிற்கும். தன் உணர்கொம்பால் மாவுப்பூச்சியின் பின்பக்கத்தை மெல்லத் தட்டும். ஒரு துளி இனிப்பு நீர் கசியும். எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்ததைத் தட்டப் போய்விடும். அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? நீங்கள் தண்ணீர் ஊற்றி, எரு போட்டு வளர்த்த செடியின் சாறு! மிச்சம் கீழ் இலைகளில் சொட்டி, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து, இலை அடுப்புக்கரி தடவியது போல ஆகிவிடும். நாம் செடிக்கு நோய் வந்துவிட்டது என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறோம்.

குடிக்கிற இனிப்புக்கு எறும்பு என்ன கூலி கொடுக்கிறது தெரியுமா? அடியாள் வேலை. மாவுப்பூச்சியையும், அதே மாதிரி செடிச்சாறு குடிக்கும் அசுவினியையும் தின்ன வருகிற பொறிவண்டை, அதன் புழுவை, கடித்துத் துரத்துகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பொறிவண்டு உண்டு. மாவுப்பூச்சி என்றால் அதற்கு விருந்து. அதன் புழு எப்படி இருக்கும்? உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை, பார்த்தால் மாவுப்பூச்சிக்கு அண்ணன் மாதிரி. அந்த வேடம் இருப்பதால்தான் எறும்புக் காவலைத் தாண்டி உள்ளே போய்ச் சாப்பிட முடிகிறது. நடுவர் அவர்களே, மாறுவேடம் போட்டால்தான் உள்ளே நுழைய முடியும் என்றால், வாசலில் நிற்பது யார்? (இன்னொரு கொடுமை, அந்தப் புழுவைப் பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து நாமே நசுக்கிவிடுகிறோம்.)

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது ஞாபகம் இருக்கிறதா? மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி, எதையும் விடவில்லை. மருந்து அடித்து ஓய்ந்தார்கள். கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவை விடச் சின்னதான ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்பில் முட்டை வைக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடமாவது நிம்மதியாக உட்கார வேண்டாமா? எறும்பு மொய்க்கிற கிளையில் எங்கே உட்காரும்?

எதிரணித் தலைவர் நல்ல ஆள், படித்துவிட்டு வந்திருக்கிறார். சீனாவில் 4ஆம் நூற்றாண்டிலேயே முசுறு, அதான் மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, அதன் கூட்டை விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரத்தில் கட்டினார்கள் என்றார். உண்மைதான் அண்ணே, மறுக்கவில்லை. பெரிய தோப்புக்கு முசுறு காவல்காரன். ஆனால் அதுவும் தன் இலைக்கூட்டுக்குள், மாவுப்பூச்சி மாதிரியே சாறு குடித்து இனிப்பு நீர் விடும் செதில்பூச்சியை வைத்துப் பால் கறக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? அப்புறம், வீட்டு மாமரத்தில் பிள்ளைகள் ஏறுவார்கள். துரட்டியால் ஒரு காயை இழுத்தால் முசுறு சட்டைக் காலருக்குள் விழும். அப்போது சீன வரலாறு ஞாபகத்துக்கு வருமா?

மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் என்றும் சொன்னார்கள். எறும்புக்கு அது பெரிய வேலையே இல்லை. சிறகில்லாமல் அதே செடியையே சுற்றும். கத்தரிக்கும் பூசணிக்கும் வண்டும் தேனீயும்தான் வர வேண்டும். பிள்ளையார் எறும்பைத் தொடலாமா என்று இன்னொருவர் பயமுறுத்தினார். கடிக்காத எறும்பு என்பதால் நமக்குத்தான் அது பிள்ளையார். பொறிவண்டைக் கேட்டால் வேறு பேர் சொல்லும்.

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலையை மறக்க வேண்டாம். மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண் கெடுகிறது என்று மேய்ப்பவர்கள் புலம்பியது 2022-இல் செய்தியானது. அதே எறும்பு இந்தியப் பெருங்கடலில் இருக்கிற கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது. அங்கேயும் அதற்குச் சோறு போட்டது செதில்பூச்சிதான். 2016-இல் அந்தச் செதில்பூச்சியை அழிக்க ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றைத் தொட்டே ஆக வேண்டும், கூட்டணி அப்படி!

'அப்படியானால் எறும்புப் பவுடர் தூவச் சொல்கிறீர்களா?' என்று எதிரணி கேட்கும். வேண்டவே வேண்டாம். பவுடரில் சாவது வெளியே வந்த வேலைக்கார எறும்பு. ராணி கீழே முட்டை போட்டுக்கொண்டே இருப்பாள். கீரைப்பாத்தியில் விஷம் விழுவதுதான் மிச்சம். எங்கள் வழி வேறு. தண்டில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள், செடியின் தண்டில் நேரடியாகத் தடவாதீர்கள். தொட்டி வைக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பாட்டி பலகார அலமாரிக்குச் செய்தாளே, அதேதான். மாவுப்பூச்சியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள். கீரை விதையைத் தூக்கிக்கொண்டு போகிறதா? பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் ரவை தூவுங்கள், முளைக்கும்வரை அதைச் சுமக்கட்டும். அதற்கும் அடங்காவிட்டால் சர்க்கரைத் தண்ணீரில் போராக்ஸ் (வெண்காரம்), மிகக் கொஞ்சமாக, பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில். அளவு கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், விஷம் கூட்டுக்குப் போய்ச் சேராது.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். துணி காயப்போடும் கொடிக்கயிறு செடியில் உரசுகிறதா, கிளை சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் கீழே போட்ட கிரீஸ் எல்லாம் வீண், மேல்வழியாக வந்துவிடும். நடுவர் மணி அடித்துவிட்டார். எதிரணிக்கு இன்னும் ஒருவர் பாக்கி, அவரும் கோலமாவைத்தான் எடுப்பார், பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.