கண்டித் தூதுவரும் எனது 650 ரூபாய் அகராதியும்

வணக்கம் உறவுகளே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைப் பார்ப்பவர்களுக்கு இந்த இஸ்தோப்பும், பின்னால் தெரியும் தேயிலை மலையும், என் இஞ்சிப் பிளேன்ரீயும் பழகியவைதான். சிங்களம் எழுதப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன் என்று சென்ற காணொளியில் சொன்னதற்கு, "தோட்டத்துப் பிள்ளைக்கு இத்தனை மொழி எதற்கு, தூதுவராகவா போகப் போகிறாய்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கேள்வி மூன்று நாட்களாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே, நமது மலைநாட்டிலேயே படித்த ஒரு தூதுவரைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஜயந்த தனபால 1938 டிசம்பர் 30ஆம் திகதி பிறந்தார். கண்டி திரினிட்டி கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் படித்து, 1965இல் இலங்கை வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். லண்டன், பெய்ஜிங், வாஷிங்டன், புதுடில்லி, ஜெனீவா என்று பல நகரங்களில் பணியாற்றினார். சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் நிற்காமல் சீன மொழியையும் பிரெஞ்சையும் கற்றுக்கொண்டார். வளர்ந்த பிறகு ஒரு புதிய எழுத்தை முதலிலிருந்து பழகுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

அந்த உழைப்புக்காகத்தான் வியாழக்கிழமை கண்டிக்குப் போய் அகராதி தேடினேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் ஒரு பெரியவரிடம் தமிழ்–சிங்கள அகராதி ஒன்று இருந்தது. "மேக்க கீயத?" (இது எவ்வளவு?) என்று கேட்டேன். தொள்ளாயிரம் என்றார். "டிக்கக் அடு கரன்ன" (கொஞ்சம் குறையுங்கள்) என்று, இரண்டு நாள் வாய்க்குள் சொல்லிப் பழகியதை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சரி மகள், அறுநூற்றைம்பது தாங்க" என்று தமிழில் சொன்னார். இருநூற்றைம்பது ரூபாய் குறைந்ததை விட, என் வாயிலிருந்து வந்த சிங்களம் அவருக்குப் புரிந்தது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அட்டை இல்லை, கடைசி இரண்டு தாள்கள் கிழிந்திருக்கின்றன. இருந்தாலும் திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

சரி, மீண்டும் தனபாலவுக்கு வருகிறேன்.  1995இல் அவர் நடத்திய ஒரு மாநாட்டைப் பார்ப்போம். அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை 1970இல் நடைமுறைக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்ததும், அதைக் காலவரையறையின்றி நீடிப்பதா அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நீடிப்பதா என்று உறுப்பு நாடுகள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நியூயோர்க்கில் கூடிய அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் தனபால. காலவரையறையற்ற நீடிப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆதரவு இருந்ததால், வாக்கெடுப்பு நடத்தி எளிதாக முடித்திருக்கலாம். ஆனால் அவர் அதைச் செய்யவில்லை. தோற்ற நாடுகள் மனக்கசப்போடு வெளியேறினால் உடன்படிக்கையே பலவீனப்பட்டுவிடும் என்பதால், நீடிப்போடு சேர்த்து, ஆயுதக் குறைப்புக்கான கொள்கைகளையும் மீளாய்வு முறையைப் பலப்படுத்துவதையும் ஒரே தொகுப்பாக்கி, 1995 மே 11ஆம் திகதி வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேற்றினார். நீடிப்புத் தீர்மானத்தில் "பெரும்பான்மை இருப்பதால்" என்ற கருத்தில் ஒரு வாசகம் வரும். எதிர்த்தவர்கள் "நாங்கள் ஆதரித்தோம்" என்று சொல்லத் தேவையில்லை, ஆதரித்தவர்களுக்கும் குறையில்லை. அந்த ஒரு வாசகத்துக்குள் எத்தனை நாட்டாரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட பொறுமை இருக்கிறது என்று பாருங்கள்!

பின்னர் 1998 முதல் 2003 வரை ஐ.நா.வின் ஆயுதக் குறைப்புக்குப் பொறுப்பான துணைப் பொதுச் செயலாளராக இருந்தார். நாடு திரும்பி, விடுதலைப் புலிகளுடனான சமாதானப் பேச்சுகளுக்கான அரசின் சமாதானச் செயலகத்தை நடத்தினார். 2006இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கு முன்வந்து, பிறகு விலகிக்கொண்டார். 2023 மே 27ஆம் திகதி கண்டியிலேயே காலமானார்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு" என்று கேட்டவருக்கு நான் சொல்வது இதுதான். தனபால சேவையில் சேர்ந்ததற்கு முந்திய ஆண்டு, 1964இல், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் குடியுரிமை பற்றி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று நம்மவர்களைத் தொகை தொகையாகப் பிரித்தார்கள். அந்த மேசையில் நம் லயத்து மக்களுக்காகப் பேச ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. தாத்தாவின் தகரப் பெட்டியில் சிங்களத்தில் வந்த ஒரு கடிதம் இருக்கிறது. அவர் அதைக் கடைசி வரை மற்றவர்களிடம் கொடுத்துத்தான் வாசிக்கக் கேட்டார்.

நேற்று இரவு அகராதியில் முதன்முதலாக 'குடியுரிமை' என்ற சொல்லைத் தேடினேன். 'புரவெசிபாவய' என்று இருந்தது. பிறகு பெட்டியைத் திறந்து, கடிதத்தின் மூன்றாவது வரியில் அதே சொல்லை விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன்.