திருகோணமலைத் திமிங்கிலம்: நீலமா, ஸ்பேர்மா?

வணக்கம் உறவுகளே. கோணேசர் கோயில் மலையில நிண்டு, தூரத்தில கடல் பீச்சுறதைக் கண்டவுடன "நீலத் திமிங்கிலம்!" எண்டு கத்துறது வழமை. பொறுங்கோ, அது ஸ்பேர்ம் திமிங்கிலமாயும் இருக்கலாம். வாடை முடிஞ்சு கடல் அடங்கினாப் பிறகு இரண்டும் இந்தப் பக்கம் திரியும். துறைமுக வாய்க்குக் கிட்டவே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கெல்லோ, அதுதான் காரணம்.

பீச்சுறது மூச்சு. அதின்ர சாய்வைப் பாருங்கோ. நீலத்துக்கு மூக்குத் துவாரம் இரண்டு, உச்சந்தலையில. மூச்சு தென்னைமரம் மாதிரி நேர 9 மீட்டர் வரைக்கும் எழும்பும். ஸ்பேர்முக்கு ஒண்டுதான், தலையின்ர முன்நுனியில இடப்பக்கமா. அதால மூச்சு முன்னுக்கும் இடதுக்கும் சரிஞ்சு, பத்தை மாதிரிப் பதிவா வரும்.

பிழைக்கிறது காத்தாலதான். கச்சான் அடிச்சா நீலத்தின்ர மூச்சும் வளையும். ஒண்டோட முடிவெடுக்காம மூண்டு நாலு மூச்சுப் பாருங்கோ. அடியிலயே சரிஞ்சு வந்தா ஸ்பேர்ம், மேல போய்க் கலைஞ்சா காத்து.

முதுகு இன்னும் லேசு. ஸ்பேர்ம் மிதக்கிற மரக்குத்தி மாதிரிக் கிடக்கும், தோல் முந்திரிகை வத்தல் போலச் சுருங்கியிருக்கும். நீலத்துக்குத் தோல் வழுவழுப்பு, சாம்பல் நீலத்தில திட்டுத்திட்டா. தலை போய்க் கனநேரத்துக்குப் பிறகுதான் அந்தக் குட்டிச் செட்டை தெரியும்.

வாலைத் தூக்கினா ஸ்பேர்ம் எண்டு சொல்லுவினம். எங்கட கடலில அதை நம்பேலாது, இங்கத்தைய நீலமும் நல்லாத் தூக்கும்.

சொந்தம் பாத்தா, ஸ்பேர்ம் பல்லுள்ள கூட்டம். நீலத்தைவிட டொல்பினுக்குத்தான் கிட்ட. நீலத்துக்குப் பல்லே இல்லை, சீப்பு மாதிரித் தகட்டால குட்டி இறால் வடிக்கும். ஸ்பேர்ம் கணவாய் தேடி இருட்டுக்குள்ள ஆயிரம் மீட்டருக்கும் கீழ போகும்.

போட்டில போறவை பிழைவிடுறது இதிலதான். நீலம் சுழியோடினா 10, 15 நிமிசத்தில திரும்பிடும். ஸ்பேர்ம் முக்கால் மணித்தியாலம் எடுக்கும். வரேல்லையெண்டு எஞ்சினை முறுக்கித் தேடித் திரியாதேங்கோ. தூரம் 100 மீட்டருக்குக் குறையக் கூடாது. எஞ்சினை நிப்பாட்டி, தண்ணிக்குள்ள விடுற மைக் இருந்தா இறக்குங்கோ. கணவாய் தேடேக்க டக், டக் எண்டு விடாமல் கேக்கும். அந்தச் சத்தம் நிண்டா மேல வருது எண்டு அர்த்தம், கமராவைத் தயாராப் பிடியுங்கோ.