விந்தணுவின் கட்டுச்சோறு

பெரியோர்களே, நண்பர்களே,

விந்துப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது எண்ணிக்கையைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு தரும் கீழ்வரம்பு மி.லி.க்கு 1.6 கோடி விந்தணு. மொத்த அசைவு 42 விழுக்காடு. இயல்பான வடிவம் 4 விழுக்காடு. இதைப் பாஸ் மார்க் என்று நினைத்துவிடாதீர்கள். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையில் நிறுத்தி, கடைசி 5 விழுக்காட்டினருக்கு மேலே போட்ட கோடு அது. கோட்டைத் தாண்டியவர்களுக்கும் குழந்தை தள்ளிப்போகிறது, தாண்டாதவர்களுக்கும் பிறக்கிறது. இதற்கு ஒரு காரணம் நுண்ணோக்கியில் தெரியாத இடத்தில் இருக்கிறது: விந்தணுவின் புரதங்களில்.

முதிர்ந்த விந்தணுவால் புதுப் புரதம் சமைக்க முடியாது என்றே சொல்லலாம். சமையலறையைப் பூட்டிவிட்டுக் கட்டுச்சோற்றோடு கிளம்பிய பயணி அது. வழியில் எது தேவைப்பட்டாலும், இருக்கிற புரதத்தை வெட்டியோ, முடிச்சுப் போட்டோ, பாஸ்பேட்டை ஒட்டியோ சமாளிக்க வேண்டும்.

வெட்டுவதைக் கோப்பையிலேயே பார்க்கலாம். வெளிவந்த விந்து ஜவ்வரிசிக் கஞ்சிபோல் கெட்டியாகும். விந்துப்பையிலிருந்து வரும் செமினோஜெலின் என்ற புரதத்தின் வேலை அது. அதை வெட்டும் நொதி புராஸ்டேட்டிலிருந்து வருகிறது, பி.எஸ்.ஏ. என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறோமே, அதுவேதான். துத்தநாகம் அந்த நொதியைக் கட்டிப்போட்டிருக்கும். செமினோஜெலின் துத்தநாகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, நொதி அவிழ்ந்து செமினோஜெலினையே நறுக்கும். வழக்கமாக 15 முதல் 30 நிமிடத்தில் நீர்த்துவிடும். ஒரு மணி நேரமாகியும் நீர்க்காவிட்டால் அறிக்கையில் எழுத வேண்டும். நீர்க்காத மாதிரியை அப்படியே எடுத்து எண்ணினால் எண்ணிக்கை தப்பும்.

முடிச்சு, தலைக்குள் விழுகிறது. டி.என்.ஏ.வைச் சுற்றியிருந்த ஹிஸ்டோன் என்ற புரதங்களில் பெரும்பகுதி வெளியேறி, அந்த இடத்தில் புரோட்டமின் என்ற வேறு புரதம் உட்காரும். பிறகு விரையை ஒட்டிய எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாய் வழியே வரும்போது புரோட்டமின்களுக்கிடையே கந்தகப் பாலங்கள் விழுந்து சிப்பம் இறுகும். ஹிஸ்டோன் அதிகம் தங்கிவிட்ட தலையை அனிலின் நீலம் என்ற சாயம் காட்டிக்கொடுக்கும்: ஹிஸ்டோனில் லைசின் என்ற அமினோ அமிலம் அதிகம், சாயம் பிடிக்கும், புரோட்டமினில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அதிகம், பிடிக்காது. செலவு குறைந்த சோதனை. இன்னும் பரவலாகச் செய்யலாம் என்பது என் கருத்து.

இனி பாஸ்பேட். புதிதாக வெளிவந்த விந்தணு முட்டையின் பக்கத்திலேயே நின்றாலும் கருவுறச் செய்யாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் பதப்பட வேண்டும் என்று 1951-இல் சாங், ஆஸ்டின் என்ற இரு விஞ்ஞானிகளும் தனித்தனியே கண்டார்கள். அங்கே பைகார்பனேட் உள்ளே நுழைந்து சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறை ஏற்றும், ஆல்புமின் என்ற புரதம் சவ்விலிருந்து கொழுப்பை உறிஞ்சும், பாஸ்பேட்டை ஒட்டும் நொதியான புரோட்டீன் கைனேஸ் ஏ விழிக்கும், கடைசியில் வாலின் புரதங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறும். வால் சவுக்குபோல் வீசத் தொடங்குவது இதை ஒட்டித்தான். அசைவு குறைந்த மாதிரிகளில் இந்த ஏற்றம் மந்தமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஆனால் சீக்கிரம் ஏறினாலும் கெடுதல்தான். முட்டையிடம் போய்ச் சேருமுன்பே விந்தணுவின் வலு தீர்ந்துபோகும். அணுக்கள் வெளிவிடும் பெராக்சைடு என்ற வேதிப்பொருள் கொஞ்சம் இருந்தால் பாஸ்பேட் ஏற உதவும். மிஞ்சினால் சவ்வின் கொழுப்பைக் கெடுத்து வாலை முடக்கும். மி.லி.க்கு 10 லட்சத்துக்கு மேல் வெள்ளையணு இருந்தால் கவனியுங்கள். விந்தணுவைவிடப் பல மடங்கு பெராக்சைடைக் கக்குபவை அவை.

ஆய்வகத்தில் இந்தப் பாஸ்பேட் ஏற்றத்தை அளப்பவர்களுக்குச் சில சொற்கள். விந்தணுவின் புரதங்களைக் கொதிக்கவைத்து எடுத்து, எடைவாரியாகப் பிரித்து, சவ்வுத்தாளில் பட்டைகளாகப் பதித்துப் பார்க்கும் சோதனை இது, வெஸ்டர்ன் பிளாட் என்பார்கள். முதலில் 40, 80 விழுக்காடு அடர்த்தி அடுக்குகளில், 300 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 300 மடங்கு) 20 நிமிடம் சுழற்றி வெள்ளையணுவைப் பிரித்துவிடுங்கள். உருவத்தில் பெரிய அந்த அணுக்கள் சில கலந்தாலே புரத அளவு பொய்த்துவிடும். பதப்படுத்தும் திரவத்தின் ஆல்புமினை நன்றாகக் கழுவுங்கள். விட்டால் 66 கிலோடால்டன் என்ற மூலக்கூறு எடையில் தடித்த பட்டையாக நின்று அக்கம்பக்கத்தை நசுக்கும். ஆர்த்தோவனடேட் என்ற தடுப்பானைச் சேர்க்க மறந்தால், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் நீங்கள் தேடியதைத் தின்றுவிடும். சவ்வுத்தாளைப் பாலில் ஊறவைக்காதீர்கள். பாலின் கேசீனே பாஸ்பேட் சுமந்த புரதம், பின்னணி கறுக்கும். முதல் கொதிப்பில், கந்தகப் பாலத்தை அறுக்கும் மெர்காப்டோஎத்தனால் வேண்டாம். தலையின் சிப்பம் அவிழ்ந்து, டி.என்.ஏ. வெளியே கொட்டி, மாதிரி சளிபோல் இழுக்கும். கொதிக்கவைத்து, சுழற்றி, மேல்நீரை வேறு குழாயில் எடுத்த பிறகே அதைச் சேருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நேரத்தில் எடுத்த ஒரு பட்டையை வைத்து முடிவு சொல்லாதீர்கள். கழுவியவுடன் ஒன்று, 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்தபின் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏற்றத்தைப் படியுங்கள். நோயாளி கேட்டால், இது இன்னும் ஆராய்ச்சிக்கூடச் சோதனைதான், இதை மட்டும் வைத்து சிகிச்சை எழுத முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.