மேசையில் தோற்ற அணி

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்து பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, மான்செஸ்டர், லிவர்பூல் என்று ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் உங்களை டான்காஸ்டருக்கு அழைத்துப் போகிறேன். இங்கிலாந்தின் வடபுறத்தில், தெற்கு யார்க்‌ஷயரில் இருக்கும் ஊர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், ஊருக்குள் ரயில் எஞ்சின் பட்டறை. பெயர்பெற்ற ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ எஞ்சின் அந்தப் பட்டறையில்தான் உருவானது.

1969-க்குப் போவோம். ஊரின் ஆண்கள் அணி டான்காஸ்டர் ரோவர்ஸ். அதன் மைதானம் பெல் வியூ. ஆட்ட நாளில் இளம்பெண்கள் சிலர் கூட்டத்துக்குள் புகுந்து ‘கோல்டன் கோல்’ சீட்டு விற்பார்கள். சீட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு நேரம் அச்சடித்திருக்கும். முதல் கோல் அந்த நேரத்தில் விழுந்தால் பரிசு உங்களுக்கு. பந்தைவிடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ! அந்தச் சீட்டு விற்ற பெண்களில் ஒருவர் ஷீலா ஸ்டாக்ஸ். அடுத்தவர் ஆடுவதற்குச் சீட்டு விற்றது போதும், நாமும் இறங்கி ஆடலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது. மைதானத்தின் பெயரையே எடுத்துக்கொண்டு ‘பெல் வியூ பெல்ஸ்’ ஆனார்கள். பிறகு அது டான்காஸ்டர் பெல்ஸ் ஆயிற்று. காதில் விழும்போது கோயில் மணி ஞாபகம் வரும். மணி இல்லை, ‘அழகிகள்’ என்று பொருள்.

அழகிகள் ஆடுவதற்கு இடம்தான் கிடையாது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டம் பார்க்க 53,000 பேர் வந்திருந்தார்கள். மறுவருடம் டிசம்பரிலேயே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல, உறுப்பினர் கிளப்புகள் தங்கள் மைதானத்தைத் தரக்கூடாது என்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் உத்தரவு போட்டது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. பெல்ஸ் பிறந்தபோதும் அது முழுதாக நீங்கியிருக்கவில்லை.

இனி அந்த அணி செய்ததைக் கேளுங்கள். 1983 முதல் 1994 வரை பன்னிரண்டு ஆண்டு. அதில் 1989 ஒன்றைத் தவிர ஒவ்வோர் ஆண்டும், தோற்றால் வெளியேற வேண்டிய தேசியப் போட்டியான பெண்கள் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பெல்ஸ் நின்றது. எல்லாம் ஜெயிக்கவில்லை. 83-ல் கோப்பையை எடுத்துவிட்டு அடுத்த மூன்று வருடமும் இறுதியில் தோற்றார்கள். 86-ல் நார்விச்சிடம் தோற்றது மூன்றுக்கு நான்கு. ஏழு கோல் விழுந்த இறுதி ஆட்டத்தில் ஒரே கோலில் தோற்பது எப்படி இருக்கும்! நடுவில் 1984, 85-ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஊர் வட்டாரத்தில் சம்பளமே வராத அந்த ஒரு வருடத்திலும் இவர்கள் இறுதிக்குப் போனார்கள். மொத்தம் ஆறு கோப்பைகள். கடைசியானது 1994-ல்.

என்னைக் கேட்டால் உச்சம் 1991–92. பெண்களுக்கான தேசிய லீக் முதன்முதலாகத் தொடங்கிய வருடம். பதினான்கு ஆட்டம், பதினான்கிலும் வெற்றி. ஒரு டிரா கூட இல்லை! கோப்பை இறுதியில் எதிரணிக்கு நான்கு கோல் போட்டார்கள், வாங்கியது ஒன்றுமில்லை. அதில் மூன்று, முன்கள ஆட்டக்காரர் கேரன் வாக்கருடையது. நான்காவது கில்லியன் கூல்டார்டுடையது. கூல்டார்ட் நடுக்கள வீராங்கனை, ஆள் குள்ளம். இங்கிலாந்துக்காக நூறு ஆட்டம் கண்ட முதல் பெண் அவர்தான். மொத்தம் 119.

இப்போது கசப்பான கட்டத்துக்கு வருகிறேன். 2011-ல் நாட்டின் மேல் அடுக்கான பெண்கள் சூப்பர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளில் பெல்ஸும் ஒன்று. 2013-ல் பருவம் ஆரம்பித்து, அவர்கள் ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடியிருந்தார்கள். கால்பந்துச் சங்கத்திலிருந்து தகவல் வருகிறது: லீக்கைச் சீரமைக்கிறோம், அடுத்த வருடம் நீங்கள் இரண்டாம் அடுக்கில், உங்கள் இடத்தில் மான்செஸ்டர் சிட்டி. மீதி ஆட்டங்களில் எத்தனை ஜெயித்தாலும் முடிவு மாறாது. காரணம் கேட்டால் நிதி நிலை, வசதிகள். முறையிட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. புள்ளிப் பட்டியலில் கடைசியாக வந்து இறங்குவது ஒன்று, மேசையில் வைத்து இறக்குவது வேறு. வசதி பார்த்து எடுத்த முடிவு என்றார்களே, அதே சீரமைப்பில் மேல் அடுக்கில் இடம் தொடர்ந்த நாட்ஸ் கவுன்டி பெண்கள் அணி 2017-ல் கடனில் மூழ்கி, பருவம் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது மூடப்பட்டது. இதைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை.

பெல்ஸ் விடவில்லை. 2016-ல் மறுபடி மேல் அடுக்கில் ஆடி, அந்த வருடமே கீழே வந்தார்கள். 2018-ல் இரண்டாம் அடுக்கின் சாம்பியன். ஆனால் லீக்கை மறுபடி மாற்றியமைத்த புதிய அமைப்பில் நீடிக்கப் பணம் இல்லை. முதலிடம் பிடித்த அணி தானாகவே விலகி மூன்றாம் அடுக்குக்குப் போயிற்று. அங்கிருந்து நான்காவதுக்கு.

2022 ஜூலை 31, லண்டனின் வெம்ப்லி மைதானம். பெண்கள் ஐரோப்பியக் கோப்பை இறுதி, பார்க்க வந்தவர்கள் 87,192 பேர். இங்கிலாந்தின் கோல்கீப்பர் மேரி இயர்ப்ஸ், தடுப்பில் மில்லி பிரைட், அணியில் பெத் இங்கிலாந்து. மூவரும் ஒரு காலத்தில் பெல்ஸ் சட்டை போட்டவர்கள்.

நான்காம் அடுக்கில் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு. மறுநாள் திங்கள், வீராங்கனைகளுக்கு வேலையோ வகுப்போ இருக்கும். சீட்டு விற்ற அந்த பெல் வியூ மைதானத்தை இடித்து வருடங்கள் ஆகிவிட்டன. பெல்ஸ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. வணக்கம்.