டெல்லி கணேஷ்: பக்கத்துல நின்னவர்

நேயர்களுக்கு வணக்கம். டெல்லி கணேஷ் பத்தி கொஞ்ச நேரம் பேச முடியுமான்னு கேட்டாங்க, உடனே சரின்னுட்டேன். காரணம் என்னன்னா அவர் இறந்து போன அன்னிக்கு எந்த சேனல் திருப்பினாலும் அதே நாலஞ்சு காமெடி க்ளிப், கீழ "400 படங்களுக்கு மேல் நடித்த மூத்த நடிகர்"னு ஒரு வரி, அவ்ளோதான் முடிச்சிட்டாங்க. 400ங்கறது கணக்கு. அத்தனை படத்துல மனுஷன் அங்க நின்னு என்னதான் செஞ்சிட்டிருந்தார்ங்கறத யாரும் பேசல, நான் அதைத்தான் பேசப்போறேன்.

ஊரு வல்லநாடு, நம்ம திருநெல்வேலி தூத்துக்குடி ரோட்டுல வருமே அதுதான். 1944 ஆகஸ்ட் 1 பிறந்தவர், வீட்டுல வெச்ச பேரு கணேசன். 1964ல விமானப்படைல சேர்ந்து 1974 வரைக்கும் பத்து வருஷம் யூனிஃபார்ம் போட்டிருக்கார். டெல்லில இருந்தப்போ தட்சிண பாரத நாடக சபாவோட சேர்ந்து நாடகம், அப்புறம் மெட்ராஸ் வந்து காத்தாடி ராமமூர்த்தியோட நாடகக் குழு. விசு எழுதின 'பட்டினப் பிரவேசம்' நாடகத்துல நடிச்சார், அதையே பாலசந்தர் 1977ல படமா எடுத்தப்போ இவரையும் கூட்டிக்கிட்டு வந்து டெல்லி கணேஷ்னு பேரும் வெச்சிட்டார். முதல் படம் வரும்போது வயசு 32, 33. இன்னிக்கு அந்த வயசுல ஒருத்தர் சான்ஸ் கேட்டு போனா, "என்ன சார் இப்பதான் வர்றீங்களா"ன்னு கேட்பாங்க.

அந்த சபா நாடக காலத்தப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். பகல்ல ஆபீஸ், சாயங்காலம் ரிகர்சல், சனி ஞாயிறு ஷோ, இப்படித்தான் அந்த செட் முழுக்க வாழ்ந்தது. மைக் மேல எங்கியோ தொங்கும், கடைசி ரோ வரைக்கும் வசனம் போய்ச் சேரணும், ஜனம் சிரிச்சா அந்த சிரிப்பு அடங்கற வரைக்கும் வாய மூடிக்கிட்டு ஆனா கேரக்டர விடாம நிக்கணும், அடங்கற அந்த ஒரு செகண்டுல அடுத்த டயலாக்க போடணும், கொஞ்சம் முந்தினா யாருக்கும் கேக்காது, கொஞ்சம் பிந்தினா நாடகம் தொங்கிடும். இதெல்லாம் எந்த இன்ஸ்டிட்யூட்லயும் சொல்லித் தர முடியாதுங்க, வாராவாரம் மேடை ஏறி அடிபட்டுத்தான் வரும். பின்னாடி சினிமால டெல்லி கணேஷோட டைமிங் டைமிங்னு எல்லாரும் சொன்னது இந்த சரக்குதான்.

சரி, இப்ப 'பசி'க்கு வருவோம். 1979, துரை டைரக்ஷன். ஷோபாவுக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்த படம்னு நிறைய பேருக்குத் தெரியும். அதுல ஷோபாவோட அப்பா முனியாண்டியா, சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவரா வந்தது டெல்லி கணேஷ்தான்னு சொன்னா சின்னப் பசங்க நம்ப மாட்டேங்கறாங்க. பாருங்க, திருநெல்வேலிக்காரர், பத்து வருஷம் வடக்க இருந்துட்டு வந்தவர், சென்னைக் குடிசைல பொறந்து வளர்ந்தவன் மாதிரி மெட்ராஸ் பாஷை பேசறார். பாஷை மட்டும்னா மிமிக்ரி பண்றவங்களும் பேசிடுவாங்க. அந்த உடம்பப் பாருங்க, தோள் முன்னாடி வளைஞ்சு, நாள் பூரா பெடல் மிதிச்ச களைப்பு நிக்கிறதுலயே தெரியும். பெத்த பொண்ணு மேல பாசமும் இருக்கு, அத காட்டத் தெரியாத முரட்டுத்தனமும் இருக்கு. அந்த ரோலுக்குத் தமிழ்நாடு அரசு சிறப்புப் பரிசு கொடுத்தாங்க. 1981ல 'எங்கம்மா மகாராணி'ன்னு ஒரு படத்துல ஹீரோவாவே நடிச்சார், அது பெருசா அவர எங்கயும் கொண்டு போகல.

இங்கதான் எனக்கு ஒரு ஆதங்கம். 'பசி' மாதிரி ஒரு படம் பண்ணினவருக்கு நம்மாளுங்க திரும்பத் திரும்ப என்ன குடுத்தாங்க? பூணூல், விபூதி, ஐயர் பாஷை. 'நாயகன்'ல ஐயர், 'மைக்கேல் மதன காமராஜன்'ல பாலக்காட்டு மணி ஐயர், 'அவ்வை சண்முகி'ல சேதுராம ஐயர். தப்புன்னு சொல்ல வரல, ஒவ்வொண்ணும் வேற வேற ஆள், ஒரு ஐயர் மாதிரி இன்னொரு ஐயர் இருக்க மாட்டார், அதுவே பெரிய விஷயம். ஆனாலும் அந்த முனியாண்டி எங்க போனான்? கோடம்பாக்கம் ஒரு ஆள ஒரு டப்பாவுல போட்டு லேபிள் ஒட்டிட்டா அப்புறம் அந்த லேபிளப் பாத்துத்தான் கூப்பிடும். 'அபூர்வ சகோதரர்கள்'ல பிரான்சிஸ் அன்பரசுன்னு வில்லனா வந்தது அந்த லேபிள்லேர்ந்து தப்பிச்ச ஒரு ரோல், 1989ல, அதுல பாத்தீங்கன்னா சாஃப்ட்டா இருக்கற அதே முகம் எவ்ளோ அருவருப்பா மாறுதுன்னு தெரியும்.

அவரோட நிஜமான வேலை எதுன்னு கேட்டா, கேக்கறது. ஆமா, காது குடுத்து கேக்கறது. சினிமால சஜஷன் ஷாட்னு சொல்லுவாங்க, ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி கேமரா இருக்கும், எதிர்ல இருக்கறவர் முகம் தெரியும். ஹீரோ டயலாக் பேசி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் நிக்கிற கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் பல பேருக்கு என்ன செய்யறதுன்னே தெரியாது, சும்மா தலைய ஆட்டுவாங்க, இல்ல தன்னோட அடுத்த வரிய மனசுக்குள்ள ஓட்டிட்டிருப்பாங்க, அது கண்ணுல தெரிஞ்சிடும். டெல்லி கணேஷ் அப்பதான் முதல் தடவையா அந்த விஷயத்தக் கேள்விப்படற மாதிரி நிப்பார். எத்தனாவது டேக்கா இருந்தாலும் சரி.

'மைக்கேல் மதன காமராஜன்' 1990ல வந்தது, வசனம் கிரேஸி மோகன். அந்த கல்யாண வீட்டுச் சமையல் காமெடில சாம்பார்ல மீன் விழுந்து தொலைச்சிடும், அதானே எல்லாருக்கும் ஞாபகம். நீங்க இன்னொரு தடவை பாக்கும்போது கமல விட்டுட்டு மணி ஐயர மட்டும் பாருங்க. சிரிக்க வைக்கணும்ங்கற எண்ணமே அந்த முகத்துல இருக்காது. அவருக்கு இது தொழில், மானம், நாளைக்கு எவன் ஆர்டர் குடுப்பான்ங்கற பயம், அது உண்மையான பயம். அவர் பயந்தாத்தான் நமக்கு சிரிப்பு. பக்கத்துல இருக்கறவரும் கோமாளித்தனம் பண்ணியிருந்தா கமல் பண்ணின சமையல்காரர் காமேஸ்வரனோட அந்த அப்பாவித்தனம் பாதிகூட எடுபட்டிருக்காதுன்னு அடிச்சு சொல்வேன். 'ஆஹா'லயும் சமையல்காரர்தான், 1997ல, ஆனா அங்க வேற மனுஷன், பொண்ணுங்களப் பெத்த கவலை உடம்பெல்லாம் ஏறின அப்பா.

'சிந்து பைரவி' மிருதங்கக்காரர் குருமூர்த்தியையும் விட முடியாது. குடிச்சிட்டு வந்துட்டார்னு தெரிஞ்சதும் பாடகர் மிருதங்கமே வேணாம்னு பாடிடுவார். ஒரு வித்வானுக்கு அத விடப் பெரிய தண்டனை இல்ல. கோபமும் வரணும், தப்பு தன் மேலங்கற கூச்சமும் இருக்கணும், ரெண்டையும் ஒண்ணா சுமந்துட்டு இருப்பார். அப்புறம் அதே பாடகரே குடில விழும்போது இவர் பாக்கற பார்வைல "பாத்தியா"ங்கற குத்தல் ஒரு துளி கிடையாது. வேற யாராவது இருந்திருந்தா அங்க ஒரு சின்ன நக்கல் வெச்சிருப்பாங்க, கைதட்டலும் கிடைச்சிருக்கும்.

கலைமாமணி கிடைச்சது, சீரியல் பண்ணினார், வயசுப் பசங்க எடுக்கற குறும்படத்துக்கெல்லாம் போய் நடிச்சுக் குடுத்தார். எண்பத நெருங்கியும் ஷூட்டிங் போயிட்டுத்தான் இருந்தார். 2024 நவம்பர் 9, சனிக்கிழமை ராத்திரி, சென்னை ராமாபுரம் வீட்டுல தூக்கத்துலயே போயிட்டார். வயசு 80. விமானப்படைல இருந்து ஆளுங்க வந்து மரியாதை செஞ்சாங்க, அப்பதான் பாதி பேருக்கு இவர் ஏர்ஃபோர்ஸ்ல இருந்த விஷயமே தெரிஞ்சது. படத்துல அந்த வளைஞ்ச தோளயும் தயங்கற நடையையும் பாத்தே பழகினவங்களுக்கு, இவர் பத்து வருஷம் அட்டென்ஷன்ல நின்னவர்னு எப்படித் தெரியும்? தெரியாதபடி பண்ணினதுதானே நடிப்பு.

ரேடியோல பேசறேன், அதனால குரலப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிச்சிடறேன். டெல்லி கணேஷ் டப்பிங்கும் பேசியிருக்கார். 1981ல பாலசந்தரோட '47 நாட்கள்'. சிரஞ்சீவி அதுல ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருக்கறத மறைச்சு, ஜெயப்பிரதாவக் கல்யாணம் பண்ணி பாரிசுக்குக் கூட்டிட்டுப் போய் படாத பாடு படுத்தற புருஷன். அந்த சிரஞ்சீவிக்குத் தமிழ் பேசினது நம்ம ஆள்தான். மணி ஐயர் குரல்னு உங்களுக்குத் தோணவே தோணாது, கேக்கும்போது எரிச்சலா வரும், அந்த ஆள அறையணும் போல இருக்கும். படம் எங்கயாவது கிடைச்சா ஒரு பத்து நிமிஷம் ஸ்க்ரீனப் பாக்காம வெறுமனே கேட்டுப் பாருங்க, ரேடியோ நேயர்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமான வேலை இல்லியே. நன்றி, வணக்கம்.