நாலு தடவை பறிக்கிற கூலி

நேயர்களுக்கு வணக்கம். தோட்டங்களிலிருந்து நேராகக் கொட்டை வாங்கிக் காபிப்பொடியாக்கி விற்கிற என்னை, காபித் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெங்களூரில் காபியைப் பற்றிப் பேசுவது மதுரையில் மல்லிகையைப் பற்றிப் பேசுவது மாதிரி. கேட்கிற எல்லோருக்கும் அதைப் பற்றிச் சொந்தமாக ஒரு கருத்து இருக்கும். அதனால் எனக்குப் பழக்கமான ஒரு மலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீராமபுரத்தில். மாதம் இரண்டு முறை அப்பா என்னை மல்லேஸ்வரத்துக்குக் காபிப்பொடி வாங்க அனுப்புவார். "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி இருபது" என்று கொட்டை ரகத்தையும் கலவையையும் கடையில் சொல்ல வேண்டும். வழி நெடுக அதையே முணுமுணுத்துக்கொண்டு போவேன். மெஷினிலிருந்து பொடி சூடாக விழும். வீட்டுக்கு வந்து சேரும்வரை பொட்டலம் கையில் கதகதவென்று இருக்கும். பீபெரி என்றால் என்ன என்று முப்பத்து நாலு வயதுவரை எனக்குத் தெரியாது. காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கம் ஒட்டியபடி இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று விளையும், அது உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், பழனி மலைத்தொடரில் இருக்கும் தாண்டிக்குடியில் ஒரு பெரியவர்.

2016 டிசம்பரில் மகளுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போயிருந்தோம். திரும்பும்போது பட்டிவீரன்பட்டியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கல். அந்த ஊர் காபி வியாபாரத்துக்குப் பேர்போனது. "மேலே தோட்டம் பார்த்துட்டு வாங்களேன்" என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

தேயிலை மாதிரி மலை முழுக்க ஒரே பச்சைப் பாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். காட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மேலே சில்வர் ஓக்கும் பலாவும். அவற்றின் மேல் மிளகுக்கொடி. நடுவில் ஆரஞ்சு, மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்க்கிற விருப்பாச்சி வாழை இந்த மலைப்பக்கத்துப் பழம்தான். இத்தனைக்கும் கீழே, நிழலில், இடுப்பு உயரத்துக்குக் காபிச் செடி. நம் நாட்டில் காபி பெரும்பாலும் இப்படி நிழலில்தான் விளைகிறது. நிழல் மரம் நின்றால்தான் அந்தச் சரிவில் மண் நிற்கும், பறவை நிற்கும், ஊற்றில் தண்ணீர் நிற்கும். ஆனால் மரத்தை வெட்டி விற்றால் கைக்கு ஒரே தடவையில் காசு வரும். காபி விலை சரிகிற வருஷங்களில் அந்த யோசனை எந்த விவசாயிக்கும் வரத்தான் செய்யும்.

அன்று பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு கிளையில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதில்லை. செக்கச்செவேலென்று நாலு, மஞ்சளாக இரண்டு, பச்சையாக ஐந்தாறு. பறிக்கிற பெண்கள் கிளையைப் பிடித்து அத்தனையையும் ஒரே இழுப்பில் உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏன் ஐயா, பச்சையும் சேர்த்துப் பறிக்கிறாங்க?" என்று கேட்டேன். பெரியவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்: "நாலு தடவை ஆள் விட்டு, பழுத்ததை மட்டும் பறிச்சா நல்லாத்தான் இருக்கும் தாயி. நாலு தடவைக்குக் கூலி யாரு குடுப்பா?"

அந்தக் கேள்விதான் என் தொழில். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

சிவந்த பழத்தில் இனிப்பு இருக்கும். பச்சைக்காயிலிருந்து வரும் கொட்டையை எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் டிகாக்ஷனில் ஒரு துவர்ப்பு, ஒரு பச்சை வாசனை தெரியும். அதை மறைக்கத்தான் கருக வறுப்பதும், சிக்கரியைக் கூட்டுவதும். சிக்கரியின் மேல் எனக்கு விரோதம் இல்லை. நம் வீட்டு பில்டர் காபியின் ருசியில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் நல்ல கொட்டைக்கு அது துணையாக இருக்க வேண்டும், கெட்ட கொட்டைக்குத் திரையாக இருக்கக் கூடாது.

பெங்களூர் திரும்பிய பிறகும் அந்த மலை மனதை விட்டுப் போகவில்லை. இந்த ஊரில் இருப்பதில் ஒரு பெரிய வசதி, காபி வாரியத்தின் தலைமையகம் விதான சௌதாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, காபியை வாங்க ஆளில்லாமல் போன 1942ல் சட்டம் போட்டு வந்த அமைப்பு அது. ரொம்ப காலம் விவசாயிகள் எல்லோரும் விளைச்சலை வாரியத்திடமே கொடுக்க வேண்டும். வாரியம் விற்றுத் தவணை தவணையாகப் பணம் தரும். 1990களின் நடுவில் அந்த முறை முழுவதுமாக நின்றது. அதன்பிறகு யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம். என்னைப் போன்றவர்கள் தோட்டத்து வாசலுக்கே போய் வாங்க முடிகிறதென்றால் அதனால்தான். ஆனால் சுதந்திரத்தோடு விலையின் ஆட்டமும் வந்துவிட்டது. காபியில் முக்கியமாக இரண்டு வகை. அராபிகாவுக்கு நியூயார்க், ரோபஸ்டாவுக்கு லண்டன் என்று சந்தை விலை அங்கே முடிவாகிறது. தாண்டிக்குடியில் பெரியவர் காலையில் எழுந்ததும் போனில் அதைத்தான் பார்க்கிறார்.

வாரியம் நடத்தும் 'காபி சாஸ்திரா' பயிற்சிக்குப் போனேன். வறுப்பது, காய்ச்சுவது, ருசி பார்ப்பது எல்லாம் அங்கே அடிப்படையிலிருந்து கற்றது. அப்புறம் லீவு கிடைத்தபோதெல்லாம் பயணம்தான். சிக்கமகளூரு, குடகு, ஏற்காடு, கூடலூர். பாபாபுடன்கிரிக்கும் ஏறினேன். ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து பாபா புடன் விதைத்ததாகச் சொல்லும் மலை அது. ஒவ்வொரு இடத்திலும் விவசாயிகளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "உங்களுக்குக் காசு எப்போ தேவைப்படுது?" எவ்வளவு என்று கேட்பவர்கள் நிறைய உண்டு; எப்போது என்று யாரும் கேட்டதில்லை என்றார் குடகில் ஒரு அம்மா.

பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். பறிப்பு ஆரம்பிக்கிற மாதத்தில். வாராவாரம் கூலி கொடுத்தாக வேண்டும். கையில் பணம் இல்லாதவர் ஒரே தடவையில் உருவி, ஈரப்பழமாகவே அன்று சாயங்காலம் வருகிற வியாபாரிக்குப் போட்டுவிடுவார். களத்தில் காயவைத்துக் காத்திருக்க அவருக்குத் தெம்பு இல்லை. பழனி மலைப்பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. சிக்கமகளூரில் பறிப்புக் காலத்தில் பெரும்பாலும் மழை இருக்காது. பழனி மலையிலோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழம் பழுக்கும். கொட்டையைப் பரப்புவதும், மேகம் கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போடுவதுமாகப் பத்துப் பதினைந்து நாள் பாடு. பெரியவர் மருமகள் களத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து, தோலை நகத்தால் உரித்து, பல்லில் வைத்துக் கடிப்பார். பல் பதிந்தால் இன்னும் ஈரம். பதியாமல் 'டக்'கென்று எதிர்த்தால் மூட்டை கட்டலாம். ஈரமானி வாங்கிக் கொடுத்தேன். அதையும் பார்க்கிறார், ஆனால் முதலில் கடித்துவிட்டுத்தான்.

கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். வறுத்தால் அதில் ஆறில் ஒரு பங்கு எடை ஆவியாகப் போய்விடும். ஆக ஒரு கிலோ பொடிக்கு ஏழு கிலோவுக்கு மேல் பழம். ஒவ்வொரு பழமும் ஒரு பெண்ணின் விரல் தொட்டுப் பறித்தது.

வேலையை விட்டு 2018ல் இந்தக் காபி வியாபாரத்தை ஆரம்பித்தேன். இரண்டாம் வருஷம் ஒரு தவறு செய்தேன். நகரத்தில் பல கிளைகள் உள்ள ஒரு உணவகம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. பெயர் வேண்டாம். முப்பது நாளில் பணம் என்றார்கள். நாலு மாதம் ஆனது. பெரியவருக்குப் பொங்கலுக்குத் தருவதாகச் சொன்ன பணத்தைச் சித்திரையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையல்கட்டில் மருமகள்தான் மெதுவாகச் சொன்னார்: "ஆளுங்களுக்குக் கூலி குடுக்க மாமா மிளகை வித்துட்டாரு அக்கா." மிளகு அவர்களுக்கு வங்கி மாதிரி. காயவைத்து மூட்டை கட்டி, விலை ஏறும்வரை வைத்திருப்பார்கள். மகள் கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்தால்தான் வெளியே எடுப்பார்கள். அந்த மூட்டையை என் கடன் தின்றுவிட்டது.

அன்று இரவு பஸ்ஸில் தூங்கவே இல்லை. 'நிழலில் விளைந்தது, மண்ணைக் காப்பது' என்றெல்லாம் பாக்கெட்டில் அச்சடித்திருந்தேன். ஆனால் விளைவித்தவருக்குத் தேதியில் பணம் போகவில்லை.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். பெரிய உணவகங்களை விட்டுவிட்டேன். அல்சூர், ஸ்ரீராமபுரம், மல்லேஸ்வரம், இந்திராநகர் என்று தெரிந்த அறுபது குடும்பங்களிடம் போனேன். மாதம் ஒரு கிலோ காபி உங்கள் வீட்டுக்கு வரும். வருஷப் பணத்தில் பாதியை அக்டோபரிலேயே கொடுங்கள் என்று கேட்டேன். தமிழர், கன்னடர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கும், கடை வாடகைக்குக்கூட அதைத் தொட மாட்டேன். பறிப்புக்கு முன்பே நாலு விவசாயிகளுக்கு முன்பணமாகப் போய்விடும். நாலு தடவை பறிக்கிற கூலி அதுதான். அறுபது வீட்டுக்கு வருஷத்துக்கு 720 கிலோ பொடி, அதற்கு ஐந்து டன்னுக்கு மேல் பழம். சின்ன வியாபாரம்தான். ஆனால் அந்த நாலு தோட்டங்களிலும் இப்போது பச்சைக்காயை உருவுவதில்லை.

2024 கடைசியில் நியூயார்க்கில் அராபிகா விலை 1977ல் தொட்ட உச்சத்தையும் தாண்டிப் போனது. நான் அக்டோபரில் பேசிவைத்த விலை சந்தையைவிடக் கீழே போய்விட்டது. பெரியவர் "பேசினது பேசினதுதான் தாயி" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விலை விழும்போது தாங்குவேன் என்று சொன்ன நான், ஏறும்போது அவர் நஷ்டத்தில் லாபம் பார்ப்பது எப்படி நியாயம்? அறுபது குடும்பங்களுக்கும் கடிதம் எழுதி, கிலோவுக்குக் கூடுதல் பணம் கேட்டேன். எட்டுக் குடும்பங்கள் விலகின. ஐம்பத்திரண்டு குடும்பங்கள் கொடுத்தன.

இயற்கை விவசாயச் சான்றிதழ் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். காபி மாதிரி பலவருஷப் பயிர் இயற்கை முறைக்கு மாறுகிற காலமே மூன்று வருஷம். அதுவரை விளைச்சல் குறைந்தாலும் சாதாரண விலைதான் கிடைக்கும். இரண்டு பேர் அதில் இறங்கியிருக்கிறார்கள், அந்த மூன்று வருஷ இழப்பில் பாதி என் பொறுப்பு. மற்ற இருவரை நான் கட்டாயப்படுத்தவில்லை. பொடியை மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் தருகிறேன், அடுத்த மாதம் காலி டப்பா திரும்பி வரும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

நீங்கள் காபிப்பொடி வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சடிப்பது சட்டப்படி கட்டாயம். கொட்டை எந்த மலையிலிருந்து வந்தது, எப்போது வறுத்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவரும் தனக்குக் கொட்டை தருகிறவரிடம் கேட்பார்.

இது அக்டோபர் மாதம். தாண்டிக்குடியில் முதல் பழங்கள் சிவக்க ஆரம்பித்துவிட்டன என்று நேற்று மருமகள் போனில் சொன்னார். காட்டுமாடு ஒன்று வேலியை உடைத்து இருபது செடிகளை மிதித்துவிட்டதாம், அதைப் பார்க்க வேண்டும். முன்பணத்தில் இன்னும் இரண்டு பேருக்குப் பாக்கி. நாளை வங்கி திறந்ததும் அனுப்ப வேண்டும். வணக்கம்.