15 பெற்றோரும் ஒரு கால அட்டவணையும்

வணக்கம் நேயர்களே.

பல இனம் வாழும் நாட்டில் எல்லாரும் ஒரே பண்பாட்டில் கரைந்துவிடுவது நல்லதா, அவரவர் மொழியோடும் வழக்கத்தோடும் கூடி வாழ்வது நல்லதா? மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூட வாசலில்தான் விடை தேட வேண்டும்.

தானாகக் கரைவது உண்டு. தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் இங்கேயே பெண் எடுத்து, மலாயையே வீட்டு மொழியாக்கிக்கொண்டார்கள். தமிழ் போயிற்று, சைவ சமயம் போகவில்லை, பொங்கலும் நின்றுபோகவில்லை. அவர்களை யாரும் ஆணை போட்டு மாற்றவில்லை.

ஆணை போட்டுப் பார்த்தது இந்தோனேசியா. அதிபர் சுகார்த்தோ ஆட்சியில் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. சீன எழுத்துக்குத் தடை வந்தது. சீனப் பெருநாளைப் பொது இடத்தில் கொண்டாடக் கூடாதென்று 1967-இல் கட்டளை பிறந்தது. சீனர் பலர் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் 1998 மே கலவரத்தில் அவர்களின் கடைகளைத்தான் தேடிக் கொளுத்தினார்கள். பெயர் மாறினால் பகை தீரும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. அந்தக் கட்டளை 2000-இல்தான் நீங்கியது.

நம் நாட்டிலும் அந்தப் பக்கம் சாயப் பார்த்தார்கள். தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரே வகைப் பள்ளி போதும் என்றது பிரிட்டிஷ் ஆட்சியில் கல்வி பற்றி வந்த 1951-இன் பார்ன்ஸ் அறிக்கை. 1956-இல் வந்த ரசாக் அறிக்கை, பாடத்திட்டம் பொதுவாக இருக்கட்டும், தொடக்கப் பள்ளியில் பயிற்று மொழி வெவ்வேறாக இருக்கலாம் என்றது. என்னைக் கேட்டால், தமிழ்ப்பள்ளி இன்றும் இருப்பதற்கு அந்த ஏற்பாடே காரணம். மலாய் தேசிய மொழி, மற்ற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்று அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவும் சொல்கிறது.

ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. 1996 கல்விச் சட்டப்படி, மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்க வாய்ப்பளிக்க வேண்டும். இதில் சிக்கல் எங்கே வருகிறது? பெற்றோர் தனித்தனியாக வாய்மொழியாகக் கேட்கிறார்கள். எண்ணிக்கை எங்கும் பதிவாவதில்லை. ஆண்டு தொடங்கிய பிறகு கேட்கிறார்கள். அதற்குள் கால அட்டவணை போட்டாகிவிடுகிறது. வகுப்பைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு வைத்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைக்கு பஸ் போய்விடும். வருகை குறையும், கொஞ்ச நாளில் வகுப்பே படுத்துவிடும்.

ஆகவே எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையெழுத்து மூன்றையும் ஒரே கடிதத்தில் சேருங்கள். இரண்டு மூன்று பேர் பள்ளி மாறிப் போகக்கூடும். 15-உடன் நிற்காமல் 20 பேரையாவது திரட்டுங்கள். அடுத்த ஆண்டு அட்டவணை போடும் முன்பே தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். வகுப்பு பள்ளி நேரத்துக்குள்ளேயே வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல். வீடும் அக்கம்பக்கமும் பள்ளியும் தமிழாகவே இருக்கும் பிள்ளைக்கு மலாய் வெறும் பாடமாக நின்றுவிடுகிறது. புத்தகத்தைப் படிப்பான்; பேச்சில் திணறுவான். தேசிய மொழியில் தேறாமல், இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன் வரும் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தால் ஓர் ஆண்டு போகிறது. அந்த ஓர் ஆண்டில் பள்ளியை வெறுத்துவிடும் பிள்ளைகள் உண்டு. இதைத் தமிழ்ப்பள்ளியின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பழக்கக் குறைதான், பழகினால் சரியாகும்.

பள்ளியில் மூன்றாம் ஆண்டிலிருந்தே நாளுக்கு அரை மணி நேரம் மலாய் பேச வையுங்கள். பக்கத்து மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாட அனுப்புங்கள், கடையில் கணக்கை அவனே கேட்டு வாங்கட்டும். வீட்டில் மட்டும் தமிழை விட்டுவிடாதீர்கள்.